பதினான்காம் நிரை

மூன்றாவது டிவிஷன்,
லூபோக் சீனா.
9.6.2024

அன்புள்ள மலருக்கு,

உன் நம்பருக்குப் போட்டால் மணி அடிக்காமலேயே நின்றுபோகிறது. நீ என்னை பிளாக் செய்து வைத்திருப்பதை ராகினிதான் சொன்னாள். உன் அக்கா மோகனாவுக்குப் போட்டேன். "கொஞ்ச நாளைக்கு அவள விடுங்க தம்பி, அவளா பேசுவா" என்றார். ஐந்து வாரம் விட்டுப் பார்த்தாயிற்று. அதனால் இந்தத் தாள். நான் உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நமக்கு நிச்சயம் ஆன வருசம். எழுத்து கோணலாக இருந்தால் கழுத்து வலிதான் காரணம், வேறொன்றும் நினைக்காதே.

வீடு அப்படியே இருக்கிறது. ஹால் லைட் போய்விட்டது, மாற்றவில்லை. பக்கத்து வீட்டு ராமாத்தாள் அக்கா இரண்டு நாளைக்கு ஒரு முறை குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ராகினி புதுப் பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டாளா? நாலாம் படிவத்தின் நடுவில் பள்ளிக்கூடம் மாற்றுவது நல்லதா என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த விஷயத்தை எழுதாமல் விட்டால் நான் ஓடுகிறேன் என்பாய். எழுதிவிடுகிறேன். ஜுனைடி போய் இன்றோடு நாற்பத்தைந்து நாள். போலீஸ் வந்தது. தொழில் பாதுகாப்பு இலாகாவிலிருந்தும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பதினான்காம் நிரையில் கரண்டுக் கம்பிக்கு அடியில் நிற்கிற செம்பனை மரங்களைத் தொடக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஆட்களை வேலைக்கு அனுப்புகிற மண்டோர் என்ற முறையில் நான் அன்று காலையும் அதைச் சொன்னேன். அவன் கேட்காமல் போய்க் குலை வெட்ட அலுமினியக் கழியை நீட்டினான். கழி கம்பியில் பட்டது. அவ்வளவுதான் மலர். அப்படித்தான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த ஒருத்தனுக்காகப் பதினெட்டு வருசக் குடித்தனத்தைப் பையில் கட்டிக்கொண்டு தங்கா பத்துவுக்குப் போய்விட்டாய். ஊரில் எனக்கு முகம் காட்ட முடியவில்லை. கோபம் போதும், வந்துவிடு.

உன்
கணேஸ்வரன்


தங்கா பத்து
16.6.2024

ராகினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கேட்டில் செருகிவிட்டுப் போனதை மோகனா அக்கா தண்ணீர் பில் என்று நினைத்து நான்கு நாள் பிரிட்ஜ் மேலே வைத்திருந்தாள்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். எனக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் நாசி கோரெங், பத்து மணிக்கு மீ. ராகினிக்கு இங்கே இரண்டு சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். கழுத்துக்கு அந்த ஆரஞ்சு மூடித் தைலத்தைத் தேயுங்கள். துணி அலமாரியில், கீழ்த்தட்டில், என் பழைய தாவணிக்குப் பின்னால் இருக்கிறது.

"லொம்போக்கிலிருந்து வந்த ஒருத்தன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் என்னை அக்கா முறையில் கூப்பிட்டு, நம் வீட்டு வாசலில் "காக், சாப்டிங்கலா?" என்று கேட்டுவிட்டு நின்றவன். அந்த ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது ராகினி. ஆற்றோரம் பாக்குக் கீரை பறித்தால் பாதியை நமக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவான். நீங்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தபோது நம் கூரையில் ஏறி ஓடு மாற்றியது யார்?

அவன் மனைவி நூர்ஹாயாத்தி எனக்குக் குரல் செய்தி அனுப்புகிறாள். அவள் வீட்டில் கோழி கூவுவதுகூடக் கேட்கிறது. கோபமே இல்லை அவள் குரலில். "காக், சொன்னதைக் கேட்காமல் போனார் என்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லையே. கல்யாணத்தன்றுகூட என் அப்பா உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தவர். யாராவது போகச் சொல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார். நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள்" என்கிறாள். நான் பதில் அனுப்பவில்லை. வாரத்துக்கு ஒன்று வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று காலை அவனைப் போகாதே என்று சொன்னீர்களா?

போனில் கேட்டால் "விடு லா மலர்" என்பீர்கள். அதனால்தான் போன் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். தாளில் எழுதுங்கள்.

மலர்


லூபோக் சீனா
30.6.2024

அன்புள்ள மலருக்கு,

தைலம் கிடைத்தது.

நீ கேட்டதற்கு முன்னால் சிலது சொல்ல வேண்டும். என்னை யாரோ மாதிரி விசாரிக்கிறாய். நானும் கழி தூக்கினவன்தானே. பதினேழு வருசம். நாற்பதடி மரத்தில் அண்ணாந்து பார்த்துப் பார்த்து என் கழுத்து எலும்பு தேய்ந்ததற்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இருக்கிறது. முள் குத்திச் சீழ் வைத்த கையோடு வேலைக்குப் போயிருக்கிறேன். மட்டை விழுந்து தோள் இறங்கியபோது நீதான் ஒரு மாதம் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாய்.

2019 ஜனவரியில் ஜுனைடியும் அவன் ஊர்க்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அந்த வாரமே என்னைக் கூப்பிட்டுக் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து மண்டோர் ஆக்கினார்கள். நம் ஆட்களில் மலாயும் தமிழும் கலந்து நாலு பேரை மேய்க்கத் தெரிந்தவன் நான்தான் என்றார் மேனேஜர். காந்தனுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். அன்று சாயந்தரம் நீ பாயசம் வைத்தாய். "இனிமே அண்ணாந்து பார்க்க வேணாம்" என்று சொல்லி என் கழுத்தைத் தொட்டாய். என் கழியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அன்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜுனைடிதான் எடுத்துக்கொண்டான். பிடியில் நான் சுற்றியிருந்த ரப்பர் டியூபைக்கூட அவன் மாற்றவில்லை.

இப்போது காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஜுனைடி இருந்த ஏழாம் நம்பரில் என் வாய் தானாக நின்றுவிடுகிறது. ஆட்களும் நிற்கிறார்கள். பிறகு எட்டு என்கிறேன்.

பதினான்காம் நிரையில் ஏப்ரலுக்குப் பிறகு யாரும் கால் வைக்கவில்லை. பழம் முற்றித் தானாக உதிர்கிறது. காற்றே இல்லாத மத்தியான நேரத்தில் பொத்து பொத்தென்று விழுகிற சத்தம் பன்னிரண்டாம் நிரைவரை கேட்கிறது. யாரோ வெட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ராமாத்தாள் அக்கா உதிரிப் பழம் பொறுக்க அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அந்த நிரையின் கோடியில் அவன் முதுகைப் பார்த்தேன். நீல ஜெர்சி, பத்தாம் நம்பர், வலது தோள் கொஞ்சம் தாழ்ந்த அதே நடை. நல்ல வெயில், மத்தியானம் ஒரு மணி. என் தொண்டையிலிருந்து அவன் பேர் வந்துவிட்டது. திரும்பினான். வேறு முகம். போன வாரம் எட்டுப் பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். அதில் சைஃபுல் என்று ஒருத்தன். ஹாஸ்டலில் ஜுனைடியின் கட்டிலை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஜெர்சி கிடந்ததாம், போட்டுக்கொண்டான். ஒன்றுக்குப் போக அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறான். "யா போஸ்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ராகினியை ஒரு நாள் அனுப்பி வை.

கணேஸ்


தங்கா பத்து
14.7.2024

ராகினி அப்பாவுக்கு,

ராகினி அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வருவாள். மஸ்ஜித் தானா பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கூட்டிக்கொள்ளுங்கள்.

காந்தன் அண்ணனைப் பார்த்தேன். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் ஜாகாவாகக் காவலுக்கு நிற்கிறார். யூனிபார்மில் அடையாளமே தெரியவில்லை, அவர்தான் கூப்பிட்டார். ஜுனைடி விஷயம் அவர் காதுக்கும் வந்திருக்கிறது. வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் என்னை நிறுத்திவைத்துப் பேசினார்.

"தங்கச்சி, அவனுங்க வந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சு லா. பொறந்த தோட்டத்த வுட்டு வெரட்டிட்டானுங்கன்னு குடிச்சிட்டுக் கத்தியிருக்கேன். உன் புருசனுக்குத் தெரியும். இப்ப இங்க ஏர்கோன்ல நிக்கிறேன். சம்பளம் கம்மிதான். ஆனா அஞ்சு வருசமா முதுகு வலிக்கு ஊசி போடல. டோக்டரே கேக்குறாரு, என்னா மாயம்னு. அவனுங்க முதுகுதான் என் முதுகுக்குப் பதிலா நின்னுச்சுன்னு இப்பதான் ஒறைக்குது."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "அந்தப் பதினாலு நெரைய வெட்டக் கூடாதுன்னு சட்டம் காகிதத்துலதான் இருந்திச்சு. எந்த மாசம் வெட்டாம இருந்திருக்கோம்? கணேஸ் வெட்டலையா?"

நீங்கள் மூன்று தாள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் கழுத்து எனக்குத் தெரியும். அந்தத் தோளுக்குச் சட்டை மாட்டியவள் நான். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

பெயர் கூப்பிடும்போது நாக்கு நிற்கிறது என்கிறீர்கள். சொல்லாத வார்த்தை உள்ளே கிடந்தால் நிற்கத்தான் செய்யும்.

மலர்


லூபோக் சீனா
4.8.2024

மலர்,

ராகினி வந்துவிட்டுப் போனாள். ஹால் லைட்டை அவள்தான் மாற்றினாள். கிளம்பும்போது, "அப்பா, ஜுனைடி அபாங் நல்லவருதானே? ஏன்பா சொன்ன பேச்சக் கேக்கல?" என்றாள். பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் தப்பித்தேன். உன்னிடமும் அப்படித் தப்பித்துக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பில்லை.

சொல்லவில்லை மலர். நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்று சொன்னேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். 2018, தீபாவளிக்கு முந்தின வாரம். மழை விட்டு மரமெல்லாம் நனைந்திருந்தது. பதினான்காம் நிரையில் கழியைத் தூக்கி நிறுத்தினேன். மேலே வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கையெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது, மயிர் எழுந்து நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழி நுனிக்கும் கம்பிக்கும் ஒரு முழம்கூட இல்லை. கழியைப் போட்டுவிட்டு ஓடினேன். பயத்தில் போட்டிருந்த சிலுவாரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். அன்று ஓடையில் விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

மறுநாள் மேனேஜரிடம் போய், "அந்த நெரைய இனிமே நான் வெட்டமாட்டேன். மரத்தச் சாய்ங்க, இல்லன்னா கரண்டு கடத்தாத கழி வாங்கிக் குடுங்க" என்றேன். சண்டை போட்டேன். எனக்கு அது முடிந்தது. இந்த நாட்டுக்காரன், யூனியன் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அலோர் காஜாவில் ஏதாவது தொழிற்சாலைக்குப் போய்விடுவேன் என்று அவருக்கும் தெரியும். சிரித்தார். "கொஞ்சம் பொறு கணேஸ். ஜனவரில ஆளுங்க வர்றாங்க. நீ அவங்களப் பாத்துக்க" என்றார்.

நீ பாயசம் வைத்த மண்டோர் வேலை இப்படித்தான் வந்தது. மரத்தையும் சாய்க்கவில்லை, கழியும் வாங்கவில்லை. ஆள்தான் மாறினான். மாறின ஆளின் பாஸ்போர்ட் ஆபிஸ் அலமாரியில் இருந்தது. ஐந்து வருசம் அவன் கழியைச் சாய்த்துச் சாய்த்து வெட்டினான். மரமும் ஐந்து வருசம் வளர்ந்தது.

ஏப்ரல் 25, வியாழக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. பெரட்டு முடிந்து எல்லாரும் கிளம்பியபோது அவன் மட்டும் நின்றான். "போஸ், நேத்து கையில எறும்பு ஊறுற மாதிரி இருந்திச்சு" என்று மலாயில் சொன்னான். அதே வார்த்தை, மலர். நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அவன் வாயில் வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பயமாக வரவில்லை, கோபமாக வந்தது. பிறகு, "காக் ஏதாவது சொன்னாங்களா போஸ்?" என்று கேட்டான். அது எனக்குப் புரியவில்லை, இன்றுவரை புரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "போ லா. நான் பதினேழு வருசம் வெட்டலையா?" என்றேன்.

தலையை ஆட்டினான். போனான்.

ஒன்பது மணி இருக்கும், சத்தம் வந்தது. நான்தான் முதலில் போனேன். அவன் உட்கார்ந்த மாதிரி மரத்தில் சாய்ந்திருந்தான். பிடியில் நான் சுற்றியிருந்த ரப்பர் உருகி அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. மேலே எழுத முடியவில்லை.

மத்தியானம் கணக்கு எழுதுகிற கிராணி பாலகிருஷ்ணன் ஆபிசில் ஒரு தாளை வைத்திருந்தான். "அண்ணே, எல்லாம் எழுதியாச்சு. நீங்க சொன்னீங்க, அவன் கேக்கல. அவனுக்கு இனிமே ஒண்ணும் ஆகப் போறதில்ல. உங்களுக்குப் பொண்ணு இருக்கு" என்றான். படித்துப் பார்த்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

கணேஸ்வரன்


தங்கா பத்து
11.8.2024

ராகினி அப்பாவுக்கு,

படித்தேன்.

கேன்டீனில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தாளை நான் யாரிடமும் காட்டமாட்டேன். அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள். என்னிடம் சொன்னதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் நூர்ஹாயாத்தி இல்லை, அதிகாரியும் இல்லை.

அவன் "காக் ஏதாவது சொன்னாங்களா" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைத்தான் கேட்டானா? நன்றாக ஞாபகம் இருக்கிறதா?

பதில் எழுத வேண்டாம்.

மலர்


லூபோக் சீனா
1.9.2024

அன்புள்ள மலருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாதபடி நடந்துவிட்டது.

போன மாதம் 19ஆம் தேதி, திங்கட்கிழமை. பெரட்டுக்குப் பாலகிருஷ்ணன் ஆர்டரோடு வந்தான். மேலிடத்திலிருந்து ஆள் வரப் போகிறது, பதினான்காம் நிரையில் காடு மாதிரி பழம் கிடக்கிறது, இரண்டு நாளில் வெட்டி எடுக்க வேண்டும் என்றான். பேரும் போட்டிருந்தான். ஏழாம் நம்பர், சைஃபுல். ஜுனைடியின் நம்பரையே அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதே நீல ஜெர்சியில் முன்வரிசையில் நின்றிருந்தான். கையில் அலுமினியக் கழி. புதுசு. அந்த ஒன்று மட்டும் புதுசு.

அவன் பேரைக் கூப்பிட வாய் திறந்தேன். வரவில்லை. பாலகிருஷ்ணன், "என்னாண்ணே, கூப்புடுங்க" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் மலாயில் சொன்னேன். அந்த நிரையில் யாரும் கழி தூக்கக் கூடாது என்றேன். ஏப்ரலில் ஜுனைடியைப் போகச் சொன்னது நான்தான், அவனாகப் போகவில்லை, நான் கையெழுத்துப் போட்டது பொய் என்றேன். அவ்வளவுதான் பேசினேன். பாலகிருஷ்ணன் என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினான்.

பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். நாலு மாசமாகத் தெரியும். சைஃபுல் மட்டும் பக்கத்தில் வந்து, "போஸ், சியாப்பா ஜுனைடி?" என்று கேட்டான். ஜுனைடி யாராம். அவன் கட்டிலில் படுத்து, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் நம்பருக்குக் கை தூக்குகிறான், மலர். ஒருத்தரும் அவனிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். கேட்டுவிட்டு அங்கேயே ஜெர்சியைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய்த் தொழில் பாதுகாப்பு இலாகாவில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி. "முதலில் கொடுத்தது பொய்யா?" என்று கேட்டார். யா என்றேன். பொய் வாக்குமூலத்துக்கு என்மேல் வழக்கு வரலாம் என்று நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அவரே ஆட்களோடு வந்து அளந்து பார்த்தார். கம்பிக்கு அடியில் நின்ற பதினோரு மரத்தையும் இந்த வாரம் சாய்த்துவிட்டார்கள். பதினோரு மரம். ஒரு நாள் வேலை அது. காலையில் ஆரம்பித்து, தேத்தண்ணி நேரத்துக்கு நிறுத்தி, நாலு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்கள்.

எனக்கு வேலை இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ராமாத்தாள் அக்கா இன்று குழம்பு கொண்டுவந்தபோது முதல் முறையாக என் எதிரே உட்கார்ந்தார். "மலருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எழுதப் போகிறேன் என்றேன்.

வா என்று கூப்பிட எனக்கு இப்போது வீடில்லை. தெரியப்படுத்தத்தான் எழுதினேன்.

கணேஸ்


தங்கா பத்து
8.9.2024

ராகினி அப்பாவுக்கு,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

நீங்கள் பொய் சொன்னதால்தான் நான் வீட்டை விட்டு வந்தேன் என்று அக்கா நினைக்கிறாள், ராகினி நினைக்கிறாள், நீங்களும் நினைக்கிறீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களைக் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினேனே, கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான்.

ஏப்ரல் 24, புதன்கிழமை சாயந்தரம். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. நீங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். ஜுனைடி வந்தான். வழக்கமாகக் கேட்கிற "சாப்டிங்கலா" இல்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே நின்றான். "காக், மண்டோர்கிட்ட நான் சொன்னா கோவிப்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு. கம்பிக்குக் கீழ இருக்கிற நெரைய வேற யாருக்காவது மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா காயுற வரைக்கும் வேணாம். கையில எறும்பு ஊறுது" என்றான். உள்ளங்கையை எனக்குக் காட்டினான், அதில் ஏதோ தெரியும் என்பதுபோல.

சரி, சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். சோறு போட்டேன். அந்த வாரம் டன் குறைந்துவிட்டது என்று மேனேஜர் உங்களைத் திட்டியிருந்தார். நீங்கள் தட்டில் கை வைத்தபடி, "ஆள் பத்தலைன்னா என்னையே கழி தூக்கச் சொல்லுவான் போல" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் போகவில்லை என்றால் இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு நீங்கள் போவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மறந்து போய் விடவில்லை. அவன் சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது, நான் எழுந்து போய் ரசம் எடுத்துவந்தேன்.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போகிற வழியில் ஜுனைடி நம் வாசலைப் பார்த்தான். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி தலையை ஆட்டினான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பான். அதனால்தான் உங்களிடம் கேட்டிருக்கிறான். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படிக்கும்வரை அவன் கேட்டிருக்கமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

செய்தி வந்தபோது ராமாத்தாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் பிழைத்தீர்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அந்த நினைப்பு வருகிறது. நீங்கள் தூங்கும்போது மூச்சு விடுகிற சத்தம் கேட்டால்கூட வருகிறது. அதனால்தான் வந்துவிட்டேன்.

இந்த மாதம் 23ஆம் தேதி, திங்கட்கிழமை, நானும் அந்த இலாகாவுக்குப் போகிறேன். அவன் முந்தின நாளே பயந்தான், சொல்லி அனுப்பினான் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. கேன்டீனில் சொல்லிவிட்டேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதீர்கள்.

மலர்


லூபோக் சீனா
15.9.2024

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உன்மேல் கோபம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்காக நீ செய்தது அது, அதை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

நூர்ஹாயாத்திக்கு நானே மலாயில் பேசி அனுப்பினேன். போகச் சொன்னது நான்தான், அவர் கேட்காமல் போகவில்லை என்று சொன்னேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து உனக்கும் எதுவும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சாமான்களைக் கட்டிவிட்டேன். மஸ்ஜித் தானாவில் ஒரு கடைக்குப் பின்னால் அறை பார்த்திருக்கிறேன். காந்தன் அவன் கம்பெனியில் சொல்லியிருக்கிறான். வழக்கு முடியட்டும் என்றிருக்கிறேன். காலையில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பேர் கூப்பிட ஆட்கள் இல்லை. ஏழாம் நம்பர் மட்டும் நிற்கிறான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் இனி உன்னிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று இருக்கிறேன். அன்று ராத்திரி சோறு போடும்போது நீ சொல்லியிருந்தாலும் மறுநாள் நான் அவனை அனுப்பித்தான் இருப்பேன். அவன் பயந்தது எனக்குத் தெரியாமலா இருந்தது? என் முகத்துக்கு நேரே நின்று சொன்னானே. உன் வார்த்தையும் சேர்ந்து வந்திருந்தால் உன்னையும் திட்டிவிட்டு அனுப்பியிருப்பேன். அந்த நிரைக்கு யாராவது போனால்தான் நான் போகாமல் இருக்க முடியும். ஐந்து வருசமாக நான் அப்படித்தான் பிழைத்தேன்.

உன் பாரத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. நடந்தது இதுதான்.

23ஆம் தேதி காலை எட்டரைக்கு இலாகா வாசலில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன். நீ வெளியே வந்ததும் என்னோடு பேச வேண்டும் என்றில்லை. பஸ் நிறுத்தம் வலது பக்கம் இருக்கிறது, நான் இடது பக்கம் நிற்கிறேன்.

கணேஸ்வரன்